26 மைலுக்கு அப்பால் ஒரு மேசை

மெம்ஃபிஸ் நகரிலிருந்து நெடுஞ்சாலை 61 வழியாகத் தெற்கே இறங்கினால், கொஞ்ச நேரத்திலேயே மேடு பள்ளம் என்பதே இல்லாத நிலம் தொடங்கிவிடுகிறது. மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா பகுதி அது. அக்டோபர் மாதம் என்பதால் பருத்தி வெடித்து நின்றது. அறுவடை முடிந்த வயல்களின் ஓரத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் உறை சுற்றிய பெரிய உருளைப் பொதிகள் வரிசையாகக் கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளில்லை. வெகு தொலைவில் ஒரு இயந்திரம் மட்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தது. 60 ஆண்டுகளுக்கு முன்பு இதே வயல்களில் நாள் முழுக்கக் குனிந்து பஞ்செடுத்த கறுப்பின மக்கள், வாக்காளராகப் பதிய ஒரு படிவத்தை நிரப்பப் போனதற்காக வேலையையும் வீட்டையும் சிலர் உயிரையும் இழந்தார்கள். அந்தப் படிவத்தின் தடத்தைப் பின்தொடர்ந்து போகவேண்டும் என்பதற்காகவே நானும் என் மகளும் ஐந்து நாள் பயணமாகப் புறப்பட்டிருந்தோம்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று மகளே முதலில் கேட்டாள். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பணியில் இருந்த காலத்தில் பல ஆண்டுகள் வாக்காளர் பட்டியல் திருத்தப் பணிக்கு என்னை அனுப்பினார்கள். படிவம் 6ஐக் கைநிறைய எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், 18 வயது நிறைந்த பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் பெயர் சேர்த்திருக்கிறேன். அரசின் படிவம் மக்களின் வாசலுக்கு வரும் என்பதைத் தவிர வேறு முறை ஒன்று இருக்க முடியும் என்று அப்போது நினைத்ததில்லை. மக்களைத் திருப்பி அனுப்புவதற்கென்றே யோசித்து யோசித்து ஒரு படிவத்தை உருவாக்கியிருந்தார்கள் என்று பிற்பாடு படித்தபோது, அந்தப் படிவம் இருந்த மேசைகளை நேரில் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது என்று தோன்றியது.

முதலில் நின்ற இடம் கிளீவ்லாண்ட் என்ற சிறு நகரம். ஆம்சி மூர் வாழ்ந்த வீடு இங்கே நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர் அவர்; அஞ்சலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பெட்ரோல் நிலையமும் நடத்தினார். 1960இன் கோடையில் நியூயார்க்கிலிருந்து ராபர்ட் மோசஸ் என்ற இளம் கணித ஆசிரியர் அவரைத் தேடி வந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் எல்லா பேக்கர் என்ற பெண்மணியின் முயற்சியால் மாணவர்களின் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு உருவாகியிருந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை எல்லோரும் 'ஸ்னிக்' என்றே அழைத்தார்கள். தென் மாநில நகரங்களில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவகங்களில் அமர்ந்து போராடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆம்சி மூர் அந்த இளைஞரிடம் உணவக மேசையைப் பற்றிப் பேசவில்லை. டெல்டாவில் கறுப்பின மக்களே பெரும்பான்மை என்பதையும், அவர்களில் வாக்காளர்கள் ஏறக்குறைய இல்லை என்பதையும் எடுத்துச் சொல்லி, வாக்காளர் பதிவுக்கு ஆள் அனுப்புங்கள் என்றார். மிசிசிப்பியில் அடுத்த நான்கைந்து ஆண்டுகள் நடந்தவற்றுக்கெல்லாம் இந்த எளிய வீட்டில் நடந்த உரையாடலே தொடக்கம் என்று நான் எண்ணுகிறேன்.

சட்டப்படி அவர்களுக்கு வாக்குரிமை எப்போதோ வந்துவிட்டது. நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்னும் 15ஆவது திருத்தம் 1870இலேயே அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்தது. ஆனால் 1890இல் மிசிசிப்பி தனக்கென எழுதிக்கொண்ட மாநில அரசியலமைப்பு, நிறம் என்ற சொல்லையே எடுக்காமல் அந்த உரிமையைப் பறிக்கும் வழியைக் கண்டுபிடித்தது. வாக்களிக்க விரும்புகிறவர் ஆண்டுக்கு 2 டாலர் வாக்கு வரி கட்ட வேண்டும். பதிவாளர் முன்னிலையில் அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படித்துக் காட்டவோ, படிக்கக் கேட்டுப் பொருள் சொல்லவோ வேண்டும். மொத்தம் 285 பிரிவுகள். எந்தப் பிரிவு என்பதைப் பதிவாளர் தேர்ந்தெடுப்பார். பொருள் சரியா தவறா என்பதையும் அவரே தீர்மானிப்பார். 1954இல் பள்ளிகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் அந்த ஏற்பாடு இன்னும் இறுக்கப்பட்டது. அன்றிலிருந்து படிக்கவும் எழுதவும் விளக்கவும் தெரிந்தால் மட்டுமே பதிவு என்றானது.

கிளீவ்லாண்டிலிருந்து கிழக்கே பத்து மைல் சென்றால் ரூல்வில். இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் தங்கிய ஊர் இதுதான். வாக்குரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமர் அடக்கமான இடம் இங்கே ஒரு நினைவுத் தோட்டமாக இருக்கிறது. ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி நிற்கும் அவருடைய வெண்கலச் சிலை 2012இல் நிறுவப்பட்டது. பக்கத்தில் கணவரின் கல்லறை. நாங்கள் போனபோது தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. நான் என் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் கல்லறை அருகில் போனேன். மகள் ஒன்றும் சொல்லாமல் தானும் கழற்றினாள்.

1917இல் பிறந்த ஃபேனி லூ, பெற்றோரின் 20 பிள்ளைகளில் கடைசி. ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கியவர். நிலம் முதலாளியுடையது, உழைப்பு தங்களுடையது, விளைச்சலில் பங்கு என்று சொல்லிக்கொண்டு ஆண்டு முடிவில் கடனையே மிச்சமாகப் பெறும் வாரக்குடிக் குடும்பங்களில் அதுவும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் பண்ணையில் வேலையாட்களின் நேரக் கணக்கை எழுதும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1962 ஆகஸ்டில் ரூல்வில்லில் உள்ள வில்லியம்ஸ் சேப்பல் தேவாலயத்தில் ஸ்னிக் தொண்டர்கள் கூட்டம் நடத்தினார்கள். கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம் என்பதையே அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டதாக அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 44. பதியப் போவதற்கு யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டபோது கையை உயர்த்தியவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. கதவு பூட்டியிருந்ததால் வெளியே படியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம்.

1962 ஆகஸ்ட் 31 அன்று, வயல் வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒரு பழைய பேருந்தில் 18 பேர் ரூல்வில்லிலிருந்து கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலைநகரான இண்டியானோலாவுக்குப் புறப்பட்டார்கள். தூரம் 26 மைல். அவர்கள் சென்ற அதே திசையில், நெடுஞ்சாலை 49 மேற்கு வழியாக, நாங்களும் போனோம். இடையில் டாட்ஸ்வில் என்ற சிற்றூர் வருகிறது. அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்து, குடிமை உரிமை மசோதாக்களை அந்தக் குழுவிலேயே முடக்கி வைத்த ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டின் பெரும்பண்ணை இருந்த ஊர் அது. இண்டியானோலாவோ, நிறப்பாகுபாட்டைக் காப்பதற்காக 1954 ஜூலையில் முதல் 'வெள்ளைக் குடிமக்கள் மன்றம்' தொடங்கப்பட்ட ஊர். அந்த மன்றத்தார் முகமூடி அணிந்துகொண்டு இரவில் வருகிறவர்கள் அல்லர். வங்கிக்காரர்களும் வணிகர்களும் நில உடைமையாளர்களும் அதில் இருந்தார்கள். பதியப் போனவரின் கடனை உடனே திருப்பிக் கேட்பது, வேலையை விட்டு நிறுத்துவது, கடையில் பற்று வைக்க மறுப்பது என்று பகல் வெளிச்சத்திலேயே அவர்கள் வேலையை முடித்தார்கள். 26 மைலும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட இல்லாத சாலை. அந்தப் பேருந்து எவ்வளவு தொலைவிலிருந்தும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருக்கும்.

இண்டியானோலா நீதிமன்றக் கட்டடத்தில் பதிவாளர் இரண்டு பேரை மட்டுமே தேர்வெழுத அனுமதித்தார். அவர்களில் ஃபேனி லூ ஒருவர். படிவத்தில் 21 கேள்விகள் இருந்தன. பெயர், வயது, முகவரி ஆகியவற்றோடு, யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்றும் ஒரு கேள்வி. அந்த இடத்தில் முதலாளியின் பெயரை எழுதும்போதே எழுதுகிறவரின் வேலை ஆட்டம் காணத் தொடங்கிவிடும். அடுத்துப் பதிவாளர் சுட்டும் பிரிவைப் பார்த்து எழுதி, அதற்கு விளக்கமும் எழுத வேண்டும். அன்று அவருக்குக் கொடுக்கப்பட்டது, ஒரு செயல் நடந்து முடிந்தபின் அதைக் குற்றமாக்கும் சட்டங்களைப் பற்றிய பிரிவு. அப்படி ஒரு சொல்லையே கேள்விப்பட்டிராத அவர் பார்த்து எழுதினார்; விளக்க முடியவில்லை. அதே ஆண்டு மாநிலம் இன்னொரு விதியையும் கொண்டு வந்திருந்தது: பதிவுக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்கள் உள்ளூர்ச் செய்தித்தாளில் இரண்டு வாரம் வெளியிடப்பட வேண்டும். யார் யார் துணிந்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும் என்பதுதான் அதன் பயன்.

திரும்பும் வழியில் காவலர்கள் பேருந்தை நிறுத்தினார்கள். பேருந்தின் நிறம் பள்ளிப் பேருந்தின் மஞ்சளைப் போல இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. 100 டாலர் அபராதம் என்று சொல்லி, பிறகு 30 டாலராகக் குறைத்தார்கள். பயணிகள் தங்களிடம் இருந்த சில்லறையைத் திரட்டிக் கட்டினார்கள். அந்தக் காத்திருப்பில் அச்சத்தில் உறைந்திருந்தவர்களுக்காக ஃபேனி லூ பாடத் தொடங்கினார் என்று உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவர் வீடு சேர்வதற்கு முன்பே செய்தி பண்ணைக்குப் போய்விட்டது. பதிவைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும் என்றார் நிலக்காரர். "உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்று அவர் பதில் சொன்னார். 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையைவிட்டு அன்றிரவே வெளியேற வேண்டியதாயிற்று. பத்து நாள் கழித்து, ரூல்வில்லில் அவர் தங்கியிருந்த நண்பர் வீட்டின் மீது இரவில் 16 முறை சுட்டார்கள்; அவர் அன்று அங்கே இல்லாததால் தப்பினார்.

டிசம்பரில் மறுபடி இண்டியானோலாவுக்குப் போனார். தேர்ச்சி பெறும் வரை 30 நாளுக்கு ஒரு முறை வந்துகொண்டே இருப்பேன் என்று பதிவாளரிடமே சொல்லிவிட்டு வந்தார். இடைப்பட்ட காலத்தில் மாநில அரசியலமைப்பைப் படித்தார். 1963 ஜனவரி 10 அன்று அவர் பதிவாகிவிட்டதை அறிந்துகொண்டார். அப்போதும் வாக்களிக்க முடியவில்லை. இரண்டு ஆண்டு வாக்கு வரி கட்டிய ரசீது இருந்தால்தான் வாக்குச்சீட்டுத் தருவோம் என்றார்கள். வாக்காளராகப் பதியாதவர் எதற்காக வாக்கு வரி கட்டி ரசீது வாங்கி வைத்திருக்கப் போகிறார்? நீதிமன்றக் கட்டடத்துக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு இதை மகளுக்குச் சொன்னபோது என் குரல் சற்று உயர்ந்துவிட்டது. அவள் சென்ற ஆண்டுதான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றாள். உறுதிமொழி எடுத்த அன்றே, மண்டபத்துக்கு வெளியே தன்னார்வலர்கள் கொடுத்த வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கார் ஸ்டியரிங்கின் மேல் வைத்து நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். அதில் வேலை கொடுப்பவர் பெயரைக் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இண்டியானோலாவிலிருந்து கிரீன்வுட் வரை அரை மணி நேரப் பயணம். இங்கே 1962-63 குளிர்காலத்தில் நடந்ததைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் கடக்க முடியாது. கறுப்பின மக்கள் பதிவுக்குப் போகத் தொடங்கியதும், கூட்டரசு அனுப்பும் உபரி உணவுப் பொருட்களின் விநியோகத்தை லெஃப்லோர் கவுண்டி நிர்வாகம் நிறுத்திவிட்டது. பருத்தி வேலை இல்லாத மாதங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த மாவையும் அரிசியையும் நம்பித்தான் இருந்தன. வட மாநிலங்களிலிருந்து உணவும் துணியும் திரட்டி அனுப்பினார்கள். நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரகரி உணவுப் பொருட்களை விமானத்தில் கொண்டுவந்து சேர்த்தார். பசியால் மக்களைப் பணிய வைக்கலாம் என்று எண்ணியவர்களுக்கு நேர்மாறாக நடந்தது. வாக்குக்கும் அடுப்பில் உலை ஏறுவதற்கும் என்ன தொடர்பு என்பதை எந்தத் தொண்டரின் பேச்சும் இதைவிடத் தெளிவாக விளக்கியிருக்க முடியாது. உணவு வாங்க வந்த வரிசை அடுத்த நாள் நீதிமன்றத்தின் முன் நின்றது.

ஜாக்சன் நகரில் இரண்டு இரவு தங்கினோம். 2017இல் திறக்கப்பட்ட மிசிசிப்பி குடிமை உரிமை அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதவில்லை. ஆனால் என் மனத்தில் தங்கியது மெட்கர் எவர்ஸின் வீடுதான். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மிசிசிப்பிச் செயலாளர் அவர். 1946இல், ராணுவச் சேவை முடித்துத் திரும்பிய கையோடு, தம் சொந்த ஊரான டிகேட்டரில் அண்ணனுடனும் நண்பர்களுடனும் வாக்களிக்கப் போய், ஆயுதம் ஏந்திய கூட்டத்தால் திருப்பி அனுப்பப்பட்டவர். இந்த வீட்டுக்குத் தெருவைப் பார்த்த முன்வாசல் கிடையாது; கார் நிறுத்தும் இடத்தின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். தெருவிலிருந்து குறிபார்க்க வாய்ப்புத் தரக்கூடாது என்பதற்காகவே இப்படி ஒரு அமைப்பு. பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்டதும் தரையில் படுக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். 1963 ஜூன் 12 அதிகாலை, அந்தக் கார் நிறுத்துமிடத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்க 1994 வரை ஆயிற்று. அவர் கொல்லப்பட்ட அந்த நேரத்தில், வாக்காளர் பதிவுப் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் கைதான ஃபேனி லூ ஹேமர், வினோனா ஊர்ச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்ட உடலோடு கிடந்தார். அந்த அடியில் சிறுநீரகத்துக்கு ஏற்பட்ட பாதிப்பு கடைசி வரை அவரை விடவில்லை.

1964 கோடையில் வட மாநிலக் கல்லூரிகளிலிருந்து ஆயிரத்துக்கு நெருங்கிய எண்ணிக்கையில் மாணவர்கள் வாக்காளர் பதிவுக்கு உதவ மிசிசிப்பிக்கு வந்தார்கள். தொடக்கத்திலேயே, ஜூன் 21 அன்று, ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் காணாமல் போனார்கள். 44 நாள் கழித்து ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து உடல்கள் எடுக்கப்பட்டன. அந்தக் கோடையில் 17,000 பேர் பதிவு செய்ய முயன்றார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1,600 பேர். தகுதியுள்ள கறுப்பின மக்களில் பதிவானவர்கள் 6.7 விழுக்காடுதான். உலகம் முழுவதும் அந்தக் கோடையைப் பற்றி எழுதும்போது வெளியிலிருந்து வந்த மாணவர்களைத்தான் முதலில் எழுதுகிறார்கள். அவர்களின் துணிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் செப்டம்பரில் கல்லூரிக்குத் திரும்பிவிடலாம். அவர்களைத் தங்கள் வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டவர்களும், அவர்களோடு போய்ப் படிவத்தில் பெயர் எழுதிய 17,000 பேரும் அதே ஊரில், அதே நிலக்காரரின் கண்ணெதிரே, தொடர்ந்து வாழ வேண்டியிருந்தது.

ஹாட்டிஸ்பர்க் நகருக்குப் போவது எங்கள் முதல் திட்டத்தில் இல்லை. அருங்காட்சியகத்தில் வெர்னன் டாமரின் கதையைப் படித்தபின் மகள்தான், "அம்மா, ஒன்றரை மணி நேரம்தானே, போய்விட்டு வரலாம்" என்றாள். ஃபாரஸ்ட் கவுண்டி நீதிமன்றத்தின் முன் அவருடைய சிலை 2020 ஜனவரியிலிருந்து நிற்கிறது. இந்தக் கட்டடத்தில் இருந்த பதிவாளர்களிடம்தான் பட்டம் பெற்ற கறுப்பின ஆசிரியர்கள்கூடத் தேர்ச்சி பெற முடியாமல் திரும்பினார்கள். ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை குமிழிகள் இருக்கின்றன என்று இங்கே ஒரு பதிவாளர் கேட்டதாகப் பதிவாகியிருக்கிறது.

டாமர் சொந்த நிலமும் மர அறுவை ஆலையும் மளிகைக் கடையும் வைத்திருந்தவர். பிறரிடம் கைகட்டி நிற்க வேண்டிய தேவை இல்லாததால், மற்றவர்கள் எடுக்கத் தயங்கிய பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகி எழுத்தறிவுத் தேர்வு ஒழிந்தபின்னும், மாநிலத் தேர்தல்களுக்கு வாக்கு வரி மிச்சமிருந்தது. நீதிமன்றத்துக்குப் போக அஞ்சுகிறவர்கள் தம் கடையிலேயே வரியைக் கட்டலாம், பணம் இல்லாதவர்களுக்குத் தாமே கட்டுவேன் என்று 1966 ஜனவரியில் வானொலியில் அறிவிக்கச் செய்தார். அன்றிரவு வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் ஆட்கள் வீட்டுக்கும் கடைக்கும் தீ வைத்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் பின்பக்கமாக வெளியேறும் வரை அவர் தீக்குள் நின்று துப்பாக்கியால் திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார். நுரையீரல் கருகி, ஜனவரி 10 அன்று மருத்துவமனையில் இறந்தார். அவருடைய நான்கு மகன்கள் அப்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். சீருடையோடு வந்து எரிந்த வீட்டின் சாம்பலில் அவர்கள் நிற்கும் புகைப்படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உத்தரவிட்ட கிளான் தலைவனுக்கு 1998இல்தான் ஆயுள் தண்டனை கிடைத்தது. அன்று பின்பக்கமாகத் தப்பிய மனைவி எல்லி டாமர் பள்ளி ஆசிரியை. பிற்காலத்தில் அதே கவுண்டியில் தேர்தல் ஆணையராக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் பணியாற்றினார். யாருடைய பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதைக் கவனிக்கும் மேசை அது.

நான்காம் நாள் அலபாமாவின் செல்மா நகருக்குள் நுழைந்தோம். எட்மண்ட் பெட்டஸ் பாலம் நான் படங்களில் பார்த்ததைவிடக் குத்தாக ஏறி இறங்குகிறது. நகரப் பக்கமிருந்து நடந்தால், உச்சிக்கு வரும் வரை மறுகரையில் என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. 1965 மார்ச் 7 அன்று, ஜான் லூயிஸும் ஹோசேயா வில்லியம்ஸும் முன்னே நடக்க, வாக்குரிமை கேட்டு மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரிக்குப் புறப்பட்ட சுமார் 600 பேர் இதே ஏற்றத்தில் ஏறி உச்சிக்கு வந்தபோதுதான் கீழே மாநிலக் காவலர்களின் வரிசையைக் கண்டார்கள். அதற்குப்பின் நடந்த தடியடியும் கண்ணீர்ப்புகையும் உலகறிந்தவை. நான் மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. பாலத்தைவிட என்னை ஈர்த்தது நீதிமன்றக் கட்டடம். டாலஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதில் சுமார் 15,000 கறுப்பின மக்கள் இருந்தார்கள். பதிவானவர்கள் சில நூறு பேர். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள், முதல் திங்களும் மூன்றாம் திங்களும் மட்டும் திறக்கும். 1963 அக்டோபர் 7 அன்று சுமார் 350 பேர் வெயிலில் வரிசையில் நின்றார்கள். வரிசையை விட்டுப் போனால் மீண்டும் சேர முடியாது. அவர்களுக்கு உணவும் நீரும் கொடுக்கப் போன ஸ்னிக் தொண்டர்களை கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள் அடித்து இழுத்துச் சென்றார்கள்.

1965 ஜனவரி 22 அன்று நடந்ததை இங்கே வந்த பிறகுதான் முழுமையாக அறிந்துகொண்டேன். நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள், பள்ளி முடிந்தபின், இருவர் இருவராக இந்தக் கட்டடத்தை நோக்கி நடந்து வந்தார்கள். தலைமை வகித்த ஃபிரெடரிக் ரீஸும் ஆசிரியர். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது வெள்ளையரின் கல்வி வாரியம். வேலை போனால் அந்த ஊரில் வேறு வழியில்லை. சிறைக்குப் போகவும் ஆயத்தம் என்பதைக் காட்ட, கையோடு பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து வந்திருந்தார்கள். குடிமகனின் கடமைகள் என்ன என்று வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, அந்தக் கடமையைச் செய்யத் தகுதியில்லாதவர் என்று முத்திரை குத்தப்பட்டு நின்றவர்கள். ஷெரிஃபின் ஆட்கள் படிகளிலிருந்து அவர்களைத் தள்ளினார்கள். அவர்கள் மீண்டும் ஏறினார்கள். ஆசிரியர்களே இறங்கிவிட்டார்கள் என்றதும் ஊரில் இருந்த தயக்கம் உடைந்தது. அடுத்தடுத்து மற்றத் தொழில்களைச் சேர்ந்தவர்களும் தனித்தனிக் குழுக்களாக ஊர்வலம் வந்தார்கள். என் பணிக்காலத்தில் நானும் எத்தனையோ வேலைநிறுத்தங்களில் கலந்துகொண்டிருக்கிறேன். அந்தப் படிகளின் கீழே நின்றபோது, அந்த நூறு பேரில் ஒருத்தியாக வந்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உறுதியான பதில் வரவில்லை.

ஆசிரியர்களைப் பற்றிப் பேசும்போது செப்டிமா கிளார்க்கை நினைக்காமல் இருக்க முடியாது. தென் கரோலினாவில் 40 ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவர். மெட்கர் எவர்ஸ் பணியாற்றிய அதே சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக 1956இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, ஓய்வூதியத்தையும் இழந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில், ஜான்ஸ் தீவில், ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. வெள்ளையரின் சந்தேகம் விழாமல் இருக்கவே முன்னால் கடை. அங்கே பாடம் சொல்ல அமர்த்தப்பட்டவர் ஆசிரியர் அல்லர். பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுக்கலைஞர். ஏர் பிடித்துக் காய்த்த கைகளுக்குப் பென்சில் பிடிக்கவும், சொந்தப் பெயரை எழுதவும், பணவிடைப் படிவத்தை நிரப்பவும், பிறகு மாநிலச் சட்டத்தின் பிரிவுகளை வாசிக்கவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அந்த வகுப்புகள் தென் மாநிலங்கள் முழுவதும் பரவின. வினோனாவில் கைதானபோது ஃபேனி லூ ஹேமர் திரும்பிக்கொண்டிருந்ததும் இந்தத் திட்டத்தின் பயிற்சியிலிருந்துதான். ஜான்ஸ் தீவுக்கு இந்த முறை போக முடியவில்லை என்பது எனக்குக் குறையாகவே இருக்கிறது.

1965இன் வாக்குரிமைச் சட்டம் வந்தபின் நடந்த மாற்றத்தின் வேகத்தைப் பார்த்தால், முன்பிருந்த தடை எத்தகையது என்பது புரியும். கூட்டரசு அலுவலர்கள் நேரடியாக வந்து பெயர் பதியத் தொடங்கினார்கள். மிசிசிப்பியில் 6.7 விழுக்காடாக இருந்த பதிவு 1967க்குள் 59.8 விழுக்காடானது. செல்மாவில் 1966 மேயில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்தலில் ஜிம் கிளார்க் தோற்றார். வாக்காளர் விதிகளை மாற்றுமுன் எந்தெந்த மாநிலங்கள் கூட்டரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று தீர்மானித்த விதியை 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்ததும் இதே அலபாமாவில் உள்ள ஒரு கவுண்டிதான் என்பதை அறிந்தபோது மனம் கசந்தது.

கடைசி நாள் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரி நோக்கி, 1965இன் 54 மைல் நடைப்பயணம் சென்ற நெடுஞ்சாலை 80இல் புறப்பட்டோம். இடையில் வருவது லவுண்ஸ் கவுண்டி. மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அவர்களில் பதிவான வாக்காளர் ஒருவர்கூட இல்லை. அந்த மார்ச்சில் ஜான் ஹியூலெட்டும் இன்னொருவரும் 60 ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் முதல் ஆட்களாகப் பதிந்தார்கள். பின்னர் ஸ்னிக் தொண்டர் ஸ்டோக்லி கார்மைக்கேலும் உள்ளூர் மக்களும் சேர்ந்து இங்கே தனிக் கட்சியே தொடங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக அலபாமா வாக்குச்சீட்டில் அப்போது ஒவ்வொரு கட்சிக்கும் சின்னம் இருந்தது. மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல்; அதன் மேல் வெள்ளையர் மேலாண்மை என்ற வாசகமும் இருந்தது. லவுண்ஸ் மக்கள் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தார்கள். சின்னம் பார்த்து வாக்களித்துப் பழகிய எனக்கு, ஓலைக் குடிசைகளின் சுவரில் வரைந்த சின்னங்கள் நினைவுக்கு வந்தன.

பதிவு செய்ததற்காக நிலக்காரர்கள் வெளியேற்றிய குடும்பங்கள், இந்த நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே கூடாரம் அடித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தன. இரவில் சாலையிலிருந்து கூடாரங்களை நோக்கிச் சுடுவார்கள். அந்த நிலத்தில் இப்போது தேசியப் பூங்காத் துறையின் காட்சியகம் இருக்கிறது. 1966 நவம்பரில் புதிய கட்சி நின்ற எல்லாப் பதவிகளிலும் தோற்றது. கூடாரக்காரர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. பணம் திரட்டி வீடு கட்டிக்கொள்ளும் வரை அங்கேயே இருந்தார்கள். 1970இல் ஜான் ஹியூலெட் லவுண்ஸ் கவுண்டியின் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பதவியில் இருந்தார்.

காட்சியகத்தை மூடும் நேரம் ஆகிவிட்டதால், வெளியே வந்து புல்வெளியில் சற்று நேரம் நின்றோம். கூடாரங்கள் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று மகள் பார்வையால் அளந்துகொண்டிருந்தாள். சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று போனது. அந்த வேகத்தில் போகும் வண்டியிலிருந்து இங்கே சுடுவதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் மாண்ட்கோமரி போய்ச் சேர்ந்தோம்.